இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைக் காரில் ஏற்றிச் சோதிக்கும் அலுவலகத்தில் அவர் தேர்வாளர். அந்தக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கும், மற்றொன்று பக்கத்தில் உட்காரும் தேர்வாளரின் காலடியில். மற்றத் தேர்வாளர்கள் ஆபத்து வந்தால் அதை மிதிப்பார்கள். இவர் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலே மிதிப்பார். எந்தத் தெருவில்தான் ஆபத்து வர முடியாது? இவரோடு காரில் ஏறியவர்கள் குலுங்கிக் குலுங்கி ஒரு சுற்றுச் சுற்றி, முகம் வெளுத்து இறங்கி, மறு தேதி வாங்கிக்கொண்டு போவார்கள். அவருக்குப் பட்டப்பெயர் வைக்க அலுவலகத்தில் யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. "பிரேக் வந்துட்டாரு" என்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தன்னைக் கண்டிப்பானவர் என்று அவர் நினைத்ததில்லை. பிறருக்குச் சுதந்திரம் கொடுப்பதில் தன்னைப் போலத் தாராளமானவர் இல்லை என்றே நினைத்திருந்தார். சான்றும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு முழு உலகத்தையே அடுத்தவர்களுக்குத் திறந்துவிடுகிறவரை வேறென்ன சொல்வது?

அது பகடை உருட்டி வாயாலேயே ஆடும் கற்பனை ஆட்டம். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வில்லாளி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கணினி வழியாக ஒன்றுகூடுவார்கள். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லுவார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். காடு, கோட்டை, அரக்கன், மழை, விலைவாசி எல்லாமாக இருந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். தேர்வாளர்தான் மாஸ்டர். வேறு யாரும் மாஸ்டராக இருக்கலாம் என்ற எண்ணம், மழைக்குப் பதில் வேறொருவர் பெய்யலாம் என்பதைப் போல, அவருக்குத் தோன்றியதே இல்லை.

அவருடைய உலகத்தின் நடுவில் ஒரு கோபுரம் இருந்தது. அதன் உச்சியில் ஒரு மன்னன் காலம் காலமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆடுகிறவர்கள் ஏறிப் போய் அவனை எழுப்ப வேண்டும். எழுந்ததும் அவன் பேச வேண்டிய வசனத்தைத் தேர்வாளர் எழுதி, திருத்தி, குளியலறையில் உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அந்த வசனத்தை யாராவது ஒருவர் கேட்டுவிட வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

ஒருவரும் கேட்டதில்லை. முதலில் அலுவலகத்து ஆட்களை வீட்டுக்கு அழைத்து நடத்தினார். கோபுரத்தின் வாசலில் காவலாளி கேட்ட விடுகதைக்கு விடை தெரியாமல் அவர்கள் பல வாரம் நின்றார்கள். பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்லி நின்றுபோனார்கள். அடுத்து வந்தவர்கள் வாசலுக்கும் வரவில்லை, வழியில் இருந்த சதுப்பு நிலத்தில் சலித்துப்போனார்கள். தவறு எங்கே என்று அவர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். ஆட்கள் சரியில்லை என்ற முடிவு கிடைத்தது. இந்த ஆட்டத்தை முன்பே ஆடியவர்களிடம் கெட்ட பழக்கங்கள் ஊறிக் கிடக்கின்றன. அறியாத புதியவர்களாகப் பிடித்துத் தானே பழக்கினால் கோபுரம் ஏறிவிடலாம்.

புதியவர்கள் மூன்று பேர் கிடைத்தார்கள். விலங்கு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காரும் மச்சினி ஒருத்தி, அவர் மனைவியின் தங்கை. அந்த மருத்துவமனைக்குப் பூனை கொண்டுவருகிற ஒரு பல் டாக்டர் அம்மாளை அவள் பேச்சுக் கொடுத்து இழுத்து வந்தாள். மூன்றாமவர் அவருடைய சித்தப்பா. சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மனைவியைக் கேட்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவளிடம் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

சேருமுன் ஒவ்வொருவருக்கும் நேர்காணல் வைத்தார்.

"இன்னொரு உலகத்துக்குள்ள ஏன் நுழையணும்னு நினைக்கறீங்க சித்தப்பா?"

"மத்தியானத்துல தூக்கம் வரமாட்டேங்குதுடா."

அந்தப் பதிலில் ஆழம் போதவில்லை என்று தோன்றினாலும் ஆள் தேவைப்பட்டதால் விட்டுக்கொடுத்தார். ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கேமராவை அணைத்துவிட வேண்டும். முகம் தெரிந்தால் எதிரில் இருப்பவர் மந்திரவாதி என்று நம்ப முடியாது, குரல் மட்டும் போதும் என்றார். அதனால் ஆட்டத்தில் பல் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவருக்கும் பல் டாக்டர் ஒரு மெல்லிய குரல், அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு. அந்த உலகம் தோன்றிய வரலாற்றை மாஸ்டர் விவரித்தார். மூன்று அரச வம்சங்களைத் தாண்டியபோது சித்தப்பாவிடமிருந்து சீரான மூச்சொலி கேட்டது. அவருக்குத் தூக்கம் வந்துவிட்டிருந்தது. ஒரு வகையில் ஆட்டம் முதல் வெற்றியைக் கண்டது.

எழுப்பிச் சந்தைக்கு அனுப்பினார். சந்தையில் வாளும் கேடயமும் வாங்கிக்கொண்டு கோபுரம் நோக்கிக் கிளம்ப வேண்டியது. அவர்கள் ஒரு கழுதையை வாங்கினார்கள்.

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"பாவமா இருந்துச்சு மாமா," என்றாள் மச்சினி.

"கழுதை பாவமா இருந்துச்சுன்னு நான் சொல்லவே இல்லையே."

"சந்தையில நிக்கற கழுதை வேற எப்படி இருக்கும்?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நான் கழுதைகிட்டப் பேசறேன். உனக்குப் பிள்ளைங்க எத்தனைம்மான்னு கேக்கறேன்." வழியில் யாரைப் பார்த்தாலும் அவர் கேட்பது அதுதான். சந்தை வாசலில் வழிமறித்த கொள்ளைக்காரனையும் அதைக் கேட்டுத்தான் திகைக்க வைத்திருந்தார்.

"கழுதை பேசாது சித்தப்பா."

"அரக்கன் பேசறான்?"

"அரக்கன் பேசலாம். அது விதியில இருக்கு. கழுதை பேசாது. அதுவும் விதியில இருக்கு."

"சரிடா. உன் உலகம்," என்றார் சித்தப்பா.

மேசைக்கு அடியில் தேர்வாளரின் வலது கால் தரைவிரிப்பை அழுத்தியது. இது அவருக்குத் தெரியாமலே நடப்பது. யாராவது தவறான பக்கம் திரும்பினால் கால் தானாக இறங்கும். அந்த இடத்தில் விரிப்பு நைந்து, அடியிலிருந்த தரை தெரிந்தது. பெருக்கும்போது அதைப் பார்க்கும் மனைவி எதுவும் சொன்னதில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கால் ஓயவில்லை. ஆற்றைக் கடக்கப் பாலம் வைத்திருந்தார். அவர்கள் ஆற்றங்கரையில் கடை போடலாமா என்று பேசினார்கள். கடை போட முடியாது, வெள்ளம் வரும் என்றார் மாஸ்டர். சதுப்பு நிலத்து மந்திரக்கிழவியோடு சண்டை வைத்திருந்தார். மச்சினி அவளுக்கு முதுகுவலி மருந்து சொன்னாள். மருந்து பலிக்கவில்லை என்றார் மாஸ்டர். பகடை உருட்டாமலே சொன்னார். என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் ஆட்டத்தைத் தொடங்கி வைத்திருந்தார். சுதந்திரம் கொடுக்கிறவர்களிடம் ஒரு பொதுவான குணம் உண்டு. கொடுத்தது எந்த வழியாகச் செலவாக வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

அந்த ஞாயிறு வந்தது. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தார்கள். பல் டாக்டர் ஏற்றிருந்த திருடி வேஷத்தின் கையில் குதிரைவண்டியின் கடிவாளம். நேரே போனால் கோபுர வாசல்.

"வலது பக்கம் ஒரு சின்ன ரோடு போகும்ல," என்றார் பல் டாக்டர்.

"அங்க ஒண்ணும் இல்ல," என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் இல்லாத ரோடு எப்படி இருக்கும்னு பாத்துட்டு வந்துடறேன். வண்டியைத் திருப்பறேன்."

தேர்வாளரின் கால் விரிப்பில் இறங்கியது. கூடவே, அவருடைய வேலைநாட்களின் குரல், ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல், தானாகவே வாயிலிருந்து வெளியே வந்தது.

"பாதுகாப்பான இடமாப் பார்த்து, வண்டியை ஓரமா நிறுத்துங்க."

பல் டாக்டர் நிறுத்திவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அவருடைய குரல் கேட்டது. அது இன்னும் மெலிந்திருந்தது.

"சார், நீங்க டிரைவிங் டெஸ்ட் எடுக்கற சார்தானே? மூணு தடவை என்னை ஃபெயிலாக்கினீங்க. மூணு தடவையும் கடைசியில இதே வார்த்தைதான்."

மச்சினி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினாள். சித்தப்பா நிதானமாகக் கேட்டார்: "அப்ப இந்தக் குதிரைவண்டிக்கும் லைசென்சு வேணுமாடா?"

அதற்கடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. பல் டாக்டருக்கு அவசர நோயாளி. சித்தப்பாவுக்கு முட்டிவலி, நாற்காலியில் உட்கார்ந்தே ஆடும் ஆட்டமாக இருந்தும் முட்டிவலி. இணையம் வேலை செய்யவில்லை என்று மச்சினி இணையம் வழியாகச் செய்தி அனுப்பினாள். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே போனது. கிடைத்த ஓய்வில் தேர்வாளர் விதிகளைத் திருத்தி, வண்டி ஓட்டுவது பற்றி ஒரு புதிய பகுதி சேர்த்தார்.

ஒரு புதன்கிழமை, தேர்வுக் கார் பணிமனைக்குப் போய்விட்டதால் மதியமே வீட்டுக்கு வந்தார். போனது இரண்டாவது பிரேக்குக்காகத்தான். மிதி தேய்ந்து தொளதொளத்துவிட்டது. முதல் பிரேக்கை விட இது எப்படி முந்தித் தேய்ந்தது என்று மெக்கானிக் ஆச்சரியப்பட்டார். வீட்டில் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மனைவியின் குரல் கேட்டது.

"கழுதையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க எல்லாரும் பாலத்தைத் தாண்டுங்க."

எந்தக் கழுதை, எந்தப் பாலம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"எத்தனை நாளா இது?" என்றார்.

"நீங்க வண்டியை ஓரங்கட்டச் சொன்னதுலேருந்து."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீங்க என்னைக் கூப்பிட்டீங்களா?"

"உனக்கு இதுல இஷ்டம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியும்." அவள் சமையலறைப் பக்கம் நடந்தாள். அவரும் பின்னால் போனார். "உங்க ஆபீஸ் ஆளுங்க வந்தப்பவே கோபுர வாசல் வரைக்கும் நானும் வந்தேன், இங்கேருந்தே. வாரா வாரம் அந்தக் காவலாளி விடுகதை போடுவான். எனக்கு விடை தெரியும். காபி கொண்டுவந்து வெப்பேன், போவேன். யாரும் என்னைக் கேக்கல."

"என்ன விடை?"

"இப்ப அது எதுக்கு? காவலாளி நம்ம ஆளாயிட்டான். சித்தப்பா அவனுக்குப் பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாரு. அவன் அழுதுட்டான்."

"காவலாளி அழமாட்டான். நான் எழுதினது." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "யாரு மாஸ்டர்?"

"தங்கச்சி."

"அவளுக்கு ஒரு விதியும் தெரியாது."

"ஆமா, தெரியாதுன்னுதான் சொல்றா. அப்புறம் நாங்க நாலு பேரும் பேசி ஒண்ணு முடிவு பண்றோம். அதுதான் விதி."

சட்டம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றித் தடித்த நூல்கள் உண்டு. தேர்வாளர் அவற்றில் ஒன்றைப் புரட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் உதவியிருக்காது. "கோபுரத்துக்குள்ள போயிட்டீங்களா?" என்று கேட்டார். குரலில் இருந்த பயத்தை மறைக்கவில்லை, மறைக்கத் தெரியவுமில்லை.

"இன்னும் இல்ல. போவோம்."

"நானும் வரேன்னு சொல்லேன்."

"எனக்கு ஒண்ணும் இல்ல. பல் டாக்டர்தான் வேண்டாங்கறாங்க. அவங்களுக்கு மறுபடி டெஸ்ட் வருதாம். உங்ககிட்ட மாட்டிடக் கூடாதுன்னு இருக்காங்க, பாவம்."

மாட்டினார். வேலைப் பட்டியலில் பல் டாக்டரின் பெயர் தேர்வாளர் பக்கமே விழுந்திருந்தது. தெரிந்தவர்களைச் சோதிக்கக் கூடாது, பக்கத்து மேசைக்காரரிடம் மாற்றிக்கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பிறர் மீறினால் அதை எடுத்துச் சொல்லுகிறவரே இவர்தான். மாற்றவில்லை. முகம் பார்க்காமல் பேசியவரைத் தெரிந்தவர் என்று கொள்ள முடியாது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

பல் டாக்டர் காரில் ஏறி, அவரைப் பார்த்து, கண்ணாடிகளைச் சரிசெய்தார். இருவரும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நேராகப் போங்கள், இடது பக்கம் திரும்புங்கள் என்பதற்கு மேல் தேர்வாளர் வாய் திறக்கவில்லை. பணிமனையிலிருந்து வந்த புது மிதி காலுக்கு அடியில் விறைப்பாக இருந்தது.

மரச்சாமான் கடைக்குப் பக்கத்தில் ஒரு லாரி பின்பக்கமாகத் தெருவுக்கு வந்தது. தேர்வாளரின் கால் இறங்கியது. பாதி வழியில் அவர் அதை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பதைப் பின்னால் பலமுறை யோசித்தும் அவரால் சொல்ல முடியவில்லை. காரை நிறுத்தியது பல் டாக்டர். லாரிக்குத் தாராளமாக இடம் விட்டு, அவசரமே இல்லாமல் நிறுத்தினார். லாரிக்காரன் கை காட்டினான். பல் டாக்டர் தலையசைத்துவிட்டு மறுபடி நகர்ந்தார்.

மிச்ச வழி முழுவதும் தேர்வாளருக்கு ஒரே யோசனை. முன்பு மூன்று முறையும் இவர் மிதித்திருக்கிறார். மிதிக்காமல் இருந்திருந்தால் இந்த அம்மாள் நிறுத்தியிருப்பாரா? தெரிந்துகொள்ள வழியில்லை. இத்தனை வருடத்தில் மிதித்த எதைப் பற்றியும் தெரிந்துகொள்ள வழியில்லை. வராமல் போன விபத்தெல்லாம் தன் காலால்தான் வராமல் போனது என்று நம்பியே காலத்தை ஓட்டிவிட்டார். அது யாராலும் பொய் என்று காட்ட முடியாத நம்பிக்கை. நம்புகிறவருக்கு அதைவிட வசதியானது வேறில்லை.

அலுவலக வாசலில் கார் நின்றது. தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பல் டாக்டர் தாளைப் பார்த்தார். "நிஜமாவா சார், இல்ல ஆட்டத்துக்காகவா?"

"நல்லாத்தான் ஓட்டினீங்க," என்றார் தேர்வாளர். உண்மைதான். ஆட்டம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்த உண்மையைப் பார்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி. அவர் காரிலிருந்து இறங்கவில்லை. "அந்த ஆட்டத்துல..." என்று இழுத்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்ல? திருப்பி வாங்க முடியாதுல்ல?"

"முடியாது."

பல் டாக்டர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அப்ப வாங்க சார். ஆனா நாங்க இருக்கற இடம் கோபுர வாசல். புதுசா ஒரு வீரன் வானத்துலேருந்து குதிக்க முடியாது. காலியா இருக்கறது கழுதை மட்டும்தான்."

அடுத்து வந்த புதன்கிழமை மாலை கணவனும் மனைவியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் காதில் கருவியோடு உட்கார்ந்தார்கள். அவள் பேசுவது அவருக்கு முதலில் சுவர் வழியாகவும், ஒரு மூச்சு கழித்துக் கருவி வழியாகவும் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா? மாமா?" என்றாள் மச்சினி.

"வந்துட்டேன்."

"கழுதை பேசாது மாமா."

சித்தப்பாவின் சிரிப்பு இருமலாக மாறி அடங்க நேரமாயிற்று. பிறகு கோபுரக் கதவு திறந்தது. காவலாளியே திறந்துவிட்டான், பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே. உள்ளே சுற்றிச் சுற்றி மேலேறும் படிக்கட்டு.

"கழுதை ஏறுமா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

நால்வரும் பேசினார்கள். கழுதை ஏறாது என்று முடிவாயிற்று. "நான் வாசல்லயே கட்டிட்டு வரேன்," என்றாள் மனைவி. "இறுக்கமா வேண்டாம். பழகின கழுதைதான்."

அவர்கள் ஏறினார்கள். தேர்வாளரின் கால் விரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது. மேலே யாருடைய நடையும் குறையவில்லை. பொறி வைத்த படியை, வைத்தது இவரே என்றாலும், அவர்கள் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். மச்சினிக்கு அங்கே பொறி இருப்பது தெரியாது, ஆகவே அது இல்லை. உச்சிக்கு வந்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக மனிதர்கள் அந்த உச்சிக்கு வந்திருந்தார்கள்.

"என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா.

மச்சினி யோசித்தாள். "ஒரு ரூம். காலியா இருக்கு. நல்ல காத்து. சன்னல் வழியா ஆறு தெரியுது. வாடகைக்கு விடப்படும்னு எழுதித் தொங்குது."

"கடை போட்டுடலாமா?"

"அங்க ஒரு ராஜா..." என்றார் தேர்வாளர்.

"மாமா."

அவர் வாயை மூடிக்கொண்டார். விதி. அவர் போட்டது.

வாடகை பேசினார்கள். எந்த மூலையில் என்ன வைக்கலாம் என்று பேசினார்கள். அப்போது மனைவி சொன்னாள். சுவர் வழியாகத்தான் அது அவருக்கு முதலில் வந்தது.

"இங்க யாரோ ரொம்ப நாளாத் தூங்கிட்டிருந்த மாதிரி இருக்கு. நான் தேடிப் பாக்கறேன்."

அவர் மன்னனின் வசனத்தைச் சொல்லிப் பார்த்த குளியலறையின் கதவு ஒன்றும் கனமானதல்ல. தேர்வாளர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். கால் விரிப்பிலிருந்து எழுந்து நின்றது.

"உருட்டுக்கா," என்றாள் மச்சினி.

பகடை உருண்டது. விழுந்த எண் மிகச் சிறியது.

"ஒண்ணும் தெரியலக்கா."

"சரி," என்றாள் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "இன்னொரு நாள் வந்து பாக்கறேன். கடைதான் இங்கயே இருக்கப் போகுதே," என்றாள்.

"அப்ப இறங்குவோம். கீழ கழுதை தனியா நிக்குது," என்றார் பல் டாக்டர்.

"அதைக் கேக்க மறந்துட்டேன் பாருங்க," என்றாள் மச்சினி. "மாமா, நாங்க மேல இருந்த நேரமெல்லாம் கழுதை என்ன பண்ணிச்சு? இதுக்கு மட்டும் பதில் சொல்லலாம்."

தேர்வாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நின்னுச்சு," என்றார்.